அமெரிக்க மிட்வெஸ்ட் கல்லூரி நகரத்தில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கல்லூரி நகரம் என்றால் ஊருக்குள் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதோடு முடிவதில்லை; வேலை, வாடகை, சாலை நெரிசல் எல்லாமே அதன் நாட்காட்டிப்படிதான் நடக்கும். அமெரிக்காவின் வட-மத்தியப் பகுதியான மிட்வெஸ்டில், அயோவா மாநிலத்தில் இருக்கும் அயோவா சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1857-ல் மாநிலத் தலைநகரம் டெ மொய்னுக்கு மாறியதும் பழைய சட்டமன்றக் கட்டிடம் பல்கலைக்கழகத்துக்குப் போனது, ஊரும் அதை நம்பியே வளர்ந்தது. ஊரின் மக்கள்தொகை சுமார் 75,000, பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் 30,000-க்கு மேல்.

கல்யாண வீடு மாதிரிதான். ஆகஸ்டில் திமுதிமுவென்று நிறையும், மே மாதம் பரீட்சை முடிந்ததும் சட்டென்று அடங்கிவிடும். ஜூலை கடைசியில் வாடகை ஒப்பந்தங்கள் முடியும்போது தெருவோரமெல்லாம் சோஃபாவும் மெத்தையும் கிடக்கும்.

அப்புறம் இலையுதிர்காலச் சனிக்கிழமைகள். பல்கலைக்கழகத்தின் கின்னிக் மைதானத்தில் ஏறக்குறைய 69,000 பேர் அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறார்கள், அதாவது கிட்டத்தட்ட ஊரளவு கூட்டம். ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடிந்ததும் அத்தனை பேரும் திரும்பி, பக்கத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கையசைப்பார்கள். 2017-ல் தொடங்கிய வழக்கம் இது, எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்ததும் இதுதான்.

சுற்றிலும் மக்காச்சோள வயல் இருப்பதால் இதைப் பட்டிக்காடு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் யுனெஸ்கோ 2008-லேயே இலக்கிய நகரமாக அறிவித்த ஊர் இது.