காலியாக விட்ட வட்டங்கள்

அன்புள்ள ஐயா,

நான் வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. குடியுரிமை கிடைத்தபின் 2024-ல் முதன்முறையாக வாக்களித்தேன். வாக்குச்சீட்டில் அதிபர் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை மட்டும் கறுப்பாக்கிவிட்டு மற்றவற்றைக் காலியாக விட்டுவிட்டேன். யாரென்றே தெரியாதவர்களுக்கு எதற்கு ஓட்டு என்று தோன்றியது.

இப்போதே இங்கே 2028 அதிபர் தேர்தல் பற்றிய சண்டை தொடங்கிவிட்டது. வார இறுதி விருந்தில் பேச்சு முற்றி, இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடியரசுக் கட்சிதான் இந்தியாவுக்கு நல்லது என்கிறார் ஒருவர். எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தவர்களை எப்படி ஆதரிப்பது என்கிறார் இன்னொருவர். தமிழ் வேர் கொண்ட கமலா ஹாரிசுக்கு ஓட்டுப் போடாமல் விட்டது துரோகம் என்று ஊரிலிருந்து அப்பா வருத்தப்படுகிறார். நான் கட்சி சாராதவனாகப் பதிவு செய்திருக்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எந்தக் கட்சியை ஆதரிப்பீர்கள்?

பி.கு.: இந்த ஆண்டு என் மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் இருந்த பள்ளி, இப்போது அரை மணி நேரப் பயணம். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுதான் இந்த நாட்டு ஜனநாயகம்!

ச., கேரி

*

அன்புள்ள ச.,

அமெரிக்கத் தேர்தல் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. அங்கே வாழ்பவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. உங்கள் மாநிலத்தில் மக்களே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உச்ச நீதிமன்றத் தேர்தலையும் அதைத் தொடர்ந்த வழக்கையும் பற்றிக் கொஞ்ச நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில், அதே மாநிலத்தில், அதே தேர்தலில், வட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன் என்று உங்கள் கடிதம் வருகிறது. வந்த கோபத்தை உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அந்த ஊர்க்காரர்கள் அவர் வெற்றிக்காகக் கோயிலில் பூசை செய்தது அன்பினால். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் உங்கள் ஓட்டுக்கும் அந்தப் பூசைக்கும் தொடர்பில்லை. குடியரசுக் கட்சியின் விவேக் ராமசாமியும் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஜனநாயகக் கட்சியின் பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். இவர்களுடைய அரசியல் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கிறது. துரோகம் எதுவும் நடக்கவில்லை என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இந்தியாவுக்கு எது நல்லது என்ற கேள்வியை உங்கள் நண்பர்கள் கைவிடுவது நல்லது. 1971-ல் வங்காள விரிகுடாவுக்குக் கடற்படையை அனுப்பிய நிக்சன் குடியரசுக் கட்சிக்காரர். பொக்ரான் சோதனைக்குப் பின் 1998-ல் தடை விதித்த கிளிண்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். அவரே 2000-ல் இந்தியாவுக்கு வந்து உறவைச் சீராக்கினார். அணுசக்தி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது குடியரசுக் கட்சியின் புஷ். 2008-ல் செனட்டில் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, பைடன் உட்பட 86 பேர் அதை ஆதரித்தார்கள். விசா விஷயமும் இப்படித்தான். வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019-ல் பிரதிநிதிகள் சபையில் இரு கட்சியினர் ஆதரவோடும் 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆனாலும் சட்டமாகவில்லை. ஒரு லட்சம் டாலர் கட்டணம் அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காக நீங்கள் கோபப்படுவதும் நியாயம்தான்.

இனி அந்த வட்டங்களுக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 5 அன்று உங்கள் கையில் இருந்த சீட்டில் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஜனநாயகக் கட்சியின் அலிசன் ரிக்ஸ், குடியரசுக் கட்சியின் ஜெஃபர்சன் கிரிஃபின். மாநிலம் முழுவதும் 55 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் விழுந்தன. ரிக்ஸ் வென்றது 734 ஓட்டுகளில். உங்கள் அலுவலக வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் இதைவிட அதிகம் பேர் வண்டி நிறுத்துவார்கள். மறு எண்ணிக்கையிலும் முடிவு மாறவில்லை. கிரிஃபின் அதோடு விடவில்லை. 60,000-க்கும் மேற்பட்ட ஓட்டுகளைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று வழக்குக்குப் போனார். அவற்றில் பெரும்பாலானவை, வாக்காளர் பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களோ காணப்படவில்லை என்ற காரணத்துக்காக எதிர்க்கப்பட்டவை. அந்த வாக்காளர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அன்றைய நடைமுறைப்படி வந்து வாக்களித்தவர்கள். ரிக்ஸின் சொந்தப் பெற்றோரின் பெயர்களே அந்தப் பட்டியலில் இருந்தன. வழக்கு ஆறு மாதம் இழுத்தது. 2025 மே மாதம்தான் கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவ்வளவு பேர் தங்கள் ஓட்டு எண்ணப்படுமா என்று தெரியாமல் ஆறு மாதம் காத்திருந்தார்கள். நீங்கள் உங்கள் ஓட்டை நீங்களாகவே சீட்டில் வெறுமையாக விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஒரு நீதிபதியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். 2022 பிப்ரவரியில் அந்த நீதிமன்றத்தில் ஜனநாயகக் கட்சியினர் 4, குடியரசுக் கட்சியினர் 3. கட்சி ஆதாயத்துக்காக வளைத்து வரையப்பட்ட தொகுதி வரைபடம் செல்லாது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் வேறு வரைபடத்தின்படி நடந்த அந்த ஆண்டுத் தேர்தலில், உங்கள் மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு இரு கட்சிகளும் ஏழு ஏழு பேரை அனுப்பின. அதே நாளில், அதே சீட்டின் கீழ்ப் பகுதியில், இரண்டு நீதிபதி இடங்கள் கைமாறின. நீதிமன்றம் 5-க்கு 2 என்று குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. 2023 ஏப்ரலில் புதிய பெரும்பான்மை பழைய தீர்ப்பைத் திருப்பி எழுதியது. சட்டமன்றம் புது வரைபடம் வரைந்தது. 2024-ல் ஏழுக்கு ஏழு என்பது குடியரசுக் கட்சிக்குப் பத்து, ஜனநாயகக் கட்சிக்கு நான்கு என்று ஆயிற்று.

மூன்று இடங்கள்தானே என்று விடாதீர்கள். அந்தத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தது 220, ஜனநாயகக் கட்சிக்கு 215. மூன்று இடங்கள் அந்தப் பக்கம் போயிருந்தால் சபையின் பெரும்பான்மையே மாறியிருக்கும். வாஷிங்டனில் அதிபர் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை, பெயர் தெரியாது என்று உங்களைப் போன்றவர்கள் ஒதுக்கிய இரண்டு நீதிபதி வட்டங்கள் தீர்மானித்திருக்கின்றன. அதிபருக்கு மட்டும் ஓட்டுப் போட்டேன் என்கிறீர்கள். அந்த அதிபரைக் கட்டுப்படுத்தும் அவையைத் தீர்மானிக்கும் வரைபடத்தைத் தீர்மானிக்கும் நீதிபதியை விட்டுவிட்டீர்கள். விருந்தில் உறவு முறியும் அளவுக்குச் சண்டை போடுகிற நேரத்தில் கால் பங்கு செலவழித்திருந்தால் இந்தப் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2018-ல் நான் உங்கள் மாநிலத்து டர்ஹமில் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். ஃபிளாரன்ஸ் புயல் அடித்து ஓய்ந்த சமயம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். கறுப்பினப் பெண்மணி, எண்பதை நெருங்கியவர். ஒரு மாலை அவர் சமையலறை மேசையில் மாதிரி வாக்குச்சீட்டை விரித்து வைத்திருந்தார். இருபுறமும் அச்சிட்ட நீளமான தாள். செய்தித்தாளிலிருந்து கத்தரித்த துண்டுகள் பக்கத்தில் அடுக்கியிருந்தன. பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கும் அருகே ஏதோ குறித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். மண், நீர் பாதுகாப்பு வட்டாரத்தின் மேற்பார்வையாளர் பதவி. பென்சிலை வைத்துவிட்டு, தேவாலயத்தில் பழக்கமான ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பதவிக்கு நின்ற இரண்டு பேரைப் பற்றியும் கால் மணி நேரம் விசாரித்தார். அவர்களில் ஒருவர் ஓடைக்கரையில் வீடு கட்ட அனுமதிப்பதைப் பற்றி என்ன சொன்னார் என்பதுகூட அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதிபர் தேர்தல்கூட இல்லையே, இந்தப் பதவிக்கு இவ்வளவு மெனக்கெடலா என்று கேட்டேன். என்னை ஒரு மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவருடைய தங்கை டூப்ளின் கவுண்டியில் இருக்கிறாராம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. மனிதர்களைவிடப் பன்றிகள் பல மடங்கு அதிகமான இடம் அது. கழிவைத் திறந்த குட்டையில் தேக்கி வைத்து வயலில் பீய்ச்சியடிப்பார்கள். காற்று திரும்பினால் தங்கை துணியை வெளியே உலர்த்த முடியாது. புயலில் அப்படிப்பட்ட குட்டைகள் பல நிரம்பி வழிந்தன. பண்ணைகள் மீது அக்கம்பக்கத்தார் வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை மாநிலச் சட்டமன்றம் 2017-லும் 2018-லும் கொண்டுவந்தது. ஆளுநர் இரண்டையும் நிராகரித்தார். சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. “என் தங்கை வீட்டுக் கொல்லைக்கு அதிபர் வரமாட்டார்” என்றார் அந்த அம்மையார்.

அந்தச் சீட்டில் ஆறு மாநில அரசியலமைப்புத் திருத்தங்களும் இருந்தன. அவற்றில் இரண்டு, ஆளுநரின் நியமன அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கு மாற்றுபவை. இரு கட்சிகளையும் சேர்ந்த ஐந்து முன்னாள் ஆளுநர்கள் ஒன்றாக நின்று அவற்றை எதிர்த்தார்கள். மக்கள் நான்கை ஏற்று, அந்த இரண்டை மட்டும் தேடிப் பிடித்துத் தோற்கடித்தார்கள். சீட்டை வரி வரியாகப் படித்தவர்களால்தான் அது நடந்தது.

அந்த ஆசிரியை ஏன் ஒரு வட்டத்தைக்கூட விடுவதில்லை என்பது பிறகு பேச்சில் வந்தது. அவருடைய தாயார் புகையிலை வேலைக்குப் போனவர். வாக்காளராகப் பதிவு செய்யப் போனபோது அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். உச்சரிப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனார், மறுபடியும் அனுப்பினார்கள். 1900-ல் கொண்டுவந்த விதி அது. அதிலும் 1867-க்கு முன் ஓட்டுரிமை பெற்றிருந்தவர்களின் வாரிசுகளுக்கு விலக்கு வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையர் உள்ளே போகவும் கறுப்பினத்தவர் வெளியே நிற்கவும் செய்த ஏற்பாடு. நார்தாம்ப்டன் கவுண்டியில் லூயிஸ் லாசிட்டர் என்ற பெண்மணி அந்தத் தேர்வை எழுத மறுத்து வழக்காடினார். 1959-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தேர்வு செல்லும் என்றது. 1965-ன் வாக்குரிமைச் சட்டம்தான் அதைச் செயலிழக்க வைத்தது. உங்கள் மாநில அரசியலமைப்பில் அந்த வாசகத்தை நீக்க 1970-ல் மக்களிடம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள்.

அந்த வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்ட் 6. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால்தான் என் தம்பியும் நீங்களும் அங்கே வீடு வாங்கிக் குடியிருக்கிறீர்கள். ஒரே போராட்டம் உருவாக்கிய சூழலில் பிறந்த சட்டங்கள் அவை. இரண்டுக்கும் இரு கட்சியினரும் வாக்களித்தார்கள். இரண்டையும் மூர்க்கமாக எதிர்த்தவர்களில் பெரும்பகுதியினர் தென் மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கட்சிகள் அப்படி இடம் மாறும். அந்த ஆசிரியையின் தாயார் பெற முடியாமல் திரும்பிய சீட்டு உங்கள் கைக்கு எளிதாக வந்தது. அதன் பெரும்பகுதியை வெறுமையாகப் பெட்டியில் போட்டுவிட்டீர்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் கொதிக்கிறது, ச.

மகளின் பள்ளியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குழந்தை புது இடத்தில் தோழிகள் இல்லாமல் தவிப்பாள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பதை ஏற்கமாட்டேன். கேரி இருக்கும் வேக் கவுண்டியின் பள்ளி வாரியத்தில் ஒன்பது உறுப்பினர்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்பது அவர்கள் பொறுப்பு. ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் கலந்து படிக்கும்படி பள்ளி ஒதுக்கும் கொள்கை ஒன்று அங்கே பல ஆண்டுகள் இருந்தது. 2009-ல் நான்கு இடங்களுக்கு நடந்த தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை மாறியது. அடுத்த ஆண்டே அந்தக் கொள்கையை எடுத்துவிட்டார்கள். கோபம் கொண்ட பெற்றோர் 2011-ல் அந்தப் பெரும்பான்மையை வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்களைப் போன்ற பெற்றோர்தான் இரண்டையும் செய்தார்கள். உங்கள் வாரிய உறுப்பினர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

எந்தக் கட்சி என்று கேட்டீர்கள். 2024-ல் உங்கள் மாநிலம் அதிபராக டிரம்பையும் ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனையும் தேர்ந்தெடுத்தது. ஒரே சீட்டில் இருவருக்கும் வாக்களித்தவர்கள் ஏராளம். அவர்கள் குழம்பியவர்கள் அல்லர். பதவிக்குப் பதவி ஆளைப் பார்த்தவர்கள். என் அளவுகோல் ஒன்றைச் சொல்கிறேன். ஓட்டுப் பதிவு முடிந்தபின் விதியை மாற்றி, விழுந்த ஓட்டைத் தூக்கி எறியப் பார்ப்பவருக்கு, அவர் எந்தக் கட்சியானாலும் என் ஆதரவு கிடையாது. கிரிஃபின் அதைச் செய்தார். அவருடைய முயற்சியைக் கடைசியில் தடுத்த கூட்டாட்சி நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ், டிரம்பால் நியமிக்கப்பட்டவர்.

கட்சி சாராதவராகப் பதிவு செய்திருப்பது நல்லது. உங்கள் மாநில விதிப்படி, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மார்ச் மாதம் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில் இரண்டு கட்சிகளில் எதன் சீட்டையும் நீங்கள் கேட்டு வாங்கலாம். வளைத்து வரைந்த தொகுதிகளில் உண்மையான போட்டி அங்கேதான் நடக்கிறது. மாதிரிச் சீட்டை மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து, பேசாமல் இருக்கும் அந்த இரண்டு குடும்பங்களையும் வீட்டுக்கு அழையுங்கள். பெயர் பெயராகச் சேர்ந்து படியுங்கள். மார்ச்சைத் தவறவிட்டுவிட்டு, நவம்பரில் இருவருமே சரியில்லை என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

அன்புடன்