கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் புது வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. 2022-க்குப் பிறகு சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டங்களில் வடசென்னைக் கவுன்சிலர்கள் எழுப்பிய கேள்விகள்தான் என் தலைப்பு. போன மாதம் டாக்டோரல் கமிட்டியில் இதை வைத்தேன். "ரொம்பச் சின்ன விஷயம். பார்லிமென்ட் எடு, சட்டமன்றம் எடு, இல்லாவிட்டால் தேர்தல் சட்டம் எடு" என்றார்கள். வீட்டில் மாமா, "சாக்கடை அடைச்சிக்கிச்சுன்னு பேசினதுக்கெல்லாம் டாக்டர் பட்டமா?" என்று சிரிக்கிறார். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன். தலைப்பை மாற்றிவிடலாமா? மாற்ற வேண்டாம் என்றால் எங்கிருந்து பிடிப்பது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

மாற்ற வேண்டாம். ஆனால் நீங்கள் தொடங்கும் ஆண்டை மாற்ற வேண்டும்.

முதலில் உங்கள் மாமாவுக்கு ஒரு வார்த்தை. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரியைத் தாண்டித்தான் அவர் பலமுறை போயிருப்பார். அந்தப் பெயருக்குரிய பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில் மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு தரலாம், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். நகர்மன்றத்தில் அன்று அது ஒரு பள்ளிக்கூடச் செலவுக் கணக்கு. இன்று தமிழ்நாட்டில் சத்துணவைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் அந்த ஓர் அணாவுக்கு வந்துதான் ஆக வேண்டியிருக்கிறது. சின்ன விஷயம் என்று உங்கள் கமிட்டி சொன்னது இதைப் போன்றவற்றைத்தான்.

இனி உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். மன்றம் கூடிப் பேசிய ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்விகளை எண்ணப் போகிறீர்கள். அதிகம் பேசிய கவுன்சிலர் முதலிடம், பேசாதவர் கடைசி என்று ஓர் அட்டவணை வரும். அதை நான் குறைவாக மதிக்கவில்லை, அதுவும் தேவைதான். ஆனால் இந்த மாநகராட்சியின் கதையில் பெரிய பகுதி மன்றமே இல்லாத ஆண்டுகளில் கிடக்கிறது. 1688-இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். மஸ்டர் ரோல், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேட்டு, ஊழல் புகாரை அடுத்து 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். நடுவில் 23 ஆண்டுகள் அரசு நியமித்த தனி அதிகாரிகளின் ஆட்சி. மன்றம் கலைந்தபோது எனக்குப் பத்து வயது. முதன்முதலாகக் கவுன்சிலருக்கு வாக்களித்தபோது 33. ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யார் என்று தெரியாமல் வளர்ந்தது.

1983 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை தண்ணீருக்குத் தவித்த வருடம். எங்கள் தெரு அடிபம்பில் காற்றுதான் வந்தது. பின்னி மில்லில் வேலை பார்த்த என் அப்பா முழு வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதினார். தெருவிலிருந்து 43 பேர், பாதிக்கு மேல் கைநாட்டு. மை ஒற்றும் அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போனவன் நான். மறுநாள் அதை ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த எழுத்தர் வாசித்துப் பார்த்தார், நல்ல மனிதர்தான். "இது இப்ப எங்க கையில இல்ல தம்பி. போயி அஞ்சு வருஷம் ஆச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னோர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதில் வரவில்லை. கடைசியில் எங்கள் பகுதியின் கட்சி வட்டச் செயலாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கேயோ போய் யாரையோ பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் தண்ணி லாரி வந்தது. அன்று முதல் எங்கள் தெருவுக்கு அவர்தான் கவுன்சிலர். ஓட்டுப் போட்டு யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவரைக் கேள்வி கேட்கவும் ஓர் இடம் இல்லை.

'போயி அஞ்சு வருஷம் ஆச்சு' என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது. 1978-இல் ஒரு சட்டம் போட்டுக் குடிநீரையும் கழிவுநீரையும் மாநகராட்சியிடமிருந்து எடுத்துத் தனி வாரியத்திடம் கொடுத்தார்கள். அப்போது மன்றத்தில் எழுந்து நின்று 'ஏன்?' என்று கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. வாரியம் வந்தது நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. பெரிய திட்டங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். என் ஆதங்கமெல்லாம், ஆள் இல்லாத வீட்டிலிருந்து சாமான் எடுத்துப்போன மாதிரி அது நடந்ததே என்பதுதான். 1996-இல் மன்றம் திரும்பி வந்தபோது மக்கள் கவுன்சிலரிடம் முதலில் கேட்டது தண்ணீரை. அவர் கையில் அது இல்லை. "சொல்லிப் பாக்கறேம்மா" என்றார். இன்றும் உங்கள் கேள்விப் பட்டியலில் எத்தனை கேள்விகள் மாநகராட்சியின் கையில் இல்லாத விஷயத்தைப் பற்றியவை என்று தனியாகப் பிரித்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

தேர்தல் சட்டம் எடு என்கிறார்கள் அல்லவா? உங்கள் தலைப்புக்குள்ளேயே அது இருக்கிறது. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தத்தை எடுத்து இரண்டு பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 243-யூ, ஐந்தாண்டு முடிவதற்குள் நகராட்சித் தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும் என்கிறது. 243-டபிள்யூ, நகராட்சிகளுக்கு அதிகாரங்களைச் சட்டமன்றம் அளிக்கலாம் என்கிறது. குடிநீர், நகரமைப்பு, குடிசைப் பகுதி மேம்பாடு உள்ளிட்ட 18 இனங்கள் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசையாக இருக்கின்றன, எல்லாம் அந்த 'லாம்' என்ற விகுதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. அந்த 'லாம்'மை வைத்துச் சட்டமன்றம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்க்கப் போனால் நீங்கள் கோட்டையின் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டியே ஆக வேண்டும். திருத்தம் வந்த கதைக்கு மக்களவை விவாதங்களுக்குள் போக வேண்டும். கமிட்டி கேட்ட பார்லிமென்டும் சட்டமன்றமும் தானாக வந்து சேர்ந்துவிடும்.

'வேண்டும்' என்று கட்டாயமாகச் சொன்ன 243-யூவின் கதியையும் பாருங்கள். 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கெடு கட்டாயம் என்று உறுதியாகச் சொன்னது. 2016 அக்டோபரில் சென்னை மன்றத்தின் காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு இடஒதுக்கீடு, வார்டு வரையறை, வழக்குக்கு மேல் வழக்கு. 2022 பிப்ரவரி 19-இல்தான் வாக்குப்பதிவு. ஐந்தாண்டுக்கு மேல் மறுபடியும் தனி அதிகாரி. தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றங்கள் குறுக்கே வரக் கூடாது என்ற நெறி 1952-இல் நாமக்கல் தொகுதி வேட்பு மனு ஒன்றில், பொன்னுசாமி வழக்கில் பிறந்தது. அதே தடை நகராட்சிகளுக்கும் 243-இசட்.ஜி பிரிவில் இருக்கிறது. அப்படியிருக்க 2016-இல் நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? சட்டம் படித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுத வேண்டிய பகுதி இது.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். நம் சட்டமன்றத் தொகுதியான ஆர்.கே. நகர் என்றாலே ஊரே 2017 இடைத்தேர்தலில் ஓட்டுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் டோக்கனையும், வென்ற குக்கர் சின்னத்தையும்தான் பேசுகிறது. எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2016 அக்டோபரில் கவுன்சிலர்கள் போனார்கள். டிசம்பர் 5-இல் ஜெயலலிதா இறந்தார், எம்.எல்.ஏ. இடம் காலி. 2017 ஏப்ரல் 12-இல் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா காரணமாக மூன்று நாள் முன்பு தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21-இல்தான் தேர்தல் நடந்தது. ஓராண்டுக்கு மேல் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் கவுன்சிலரும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. டெல்லியில் ஒரு எம்.பி. மட்டும். அந்த நடுவில்தான், 2017 ஜனவரி 28-இல், எண்ணூர் காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளியில் எண்ணெயை அள்ளியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே எம்.எல்.ஏ. இருந்தார், கவுன்சிலர் இல்லை. அந்த ஒரு வருடத்தில் வடசென்னை மனிதர்கள் யாரிடம் மனு கொடுத்தார்கள் என்று ஒருவராவது ஆராய வேண்டாமா?

அந்த இடைத்தேர்தல் ரத்தையும் சட்டப்படி பாருங்கள். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58-ஏ பிரிவு, வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த வழி தருகிறது. பணம் கொடுத்தால் நிறுத்த அதில் வழி இல்லை. லஞ்சத்துக்கும் அப்படியொரு பிரிவு வேண்டும் என்று ஆணையமே கேட்டிருந்தது. அது வராததால் அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு தரும் பொது அதிகாரத்தைக் கையிலெடுத்தது. காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்கிற 151-ஏ பிரிவும் அந்த 1951 சட்டத்தில் இருக்கிறது. ஆர்.கே. நகர் அந்தக் கெடுவையும் தாண்டி, மொத்தம் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது. ஓட்டுக்குப் பணம் வாங்கியவர்கள் என்று நம் மக்களைப் பற்றி எழுதுவது சுலபம். அந்த வருடம் அவர்கள் எதை இழந்திருந்தார்கள் என்பதை எழுதத்தான் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கிருந்து பிடிப்பது என்று கேட்டீர்கள். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மன்றத் தீர்மானங்களைப் பொருள் எண், தீர்மான எண்ணோடு கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. தனி அதிகாரி காலத்துத் தீர்மானங்களையும் அதே மனுவில் கேளுங்கள், மன்றத்தின் அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவர்களும் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பழைய நடவடிக்கைத் தொகுதிகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். மண்டலக் குழுக் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள், பெரிய மன்றத்தில் வாய் திறக்காத கவுன்சிலர் அங்கே மணிக்கணக்காகப் பேசுவார். 2022 விதிகளின்படி வந்த ஏரியா சபைக் கூட்டம், அதாவது அந்தப் பகுதி மக்களே கூடிப் பேசும் கூட்டம், உங்கள் வட்டத்தில் நடந்தால் பின்வரிசையில் போய் உட்காருங்கள். அங்கே பெண்கள் பேசும்போது பேனாவைக் கீழே வைக்காதீர்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதற்கு அவசரம். நான் சொன்ன அந்த வட்டச் செயலாளருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. 1973-க்குப் பிறகு தான் எழுதிக் கொடுத்த மனுக்களையெல்லாம் நீள நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். தேதி, தெரு, என்ன குறை, யாரைப் பார்த்தோம், நடந்ததா இல்லையா. ஐந்து நோட்டுகள், ஒன்றில் கரையான் ஏறிவிட்டது. அவரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "வரச் சொல்லு. கண்ணு தெரியல, அது படிக்கட்டும், நான் சொல்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் நிற்கிறேன். வெயிலுக்கு முன்னால் போய்விடலாம்.