போர்ட் போதவில்லையா? ஒற்றைப் பலகைக் கணினியில் யுஎஸ்பி கூட்டுவது பற்றிக் கேள்வி பதில்

ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினிகளான ராஸ்பெர்ரி பை, ஆரஞ்சு பை போன்ற போர்டுகளில் கூடுதல் யுஎஸ்பி போர்ட் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலரும் "எந்த ஹப் வாங்கலாம்?" என்றே தொடங்குகிறார்கள். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் அந்த ஹப்பை அப்புறம் பார்ப்போம். என்னென்ன செருகப் போகிறீர்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு கரன்ட் இழுக்கும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4-இல் ஒரு சாதாரண ஹப் போட்டேன். கீபோர்டு, மவுஸ் நன்றாக ஓடுகின்றன. ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் டிக் டிக் என்று சத்தம் வந்து எல்லாமே துண்டித்துக்கொள்கிறது. ஹப் பழுதா சார்?

பெரும்பாலும் ஹப் நன்றாகத்தான் இருக்கும். தனி அடாப்டர் இல்லாத யுஎஸ்பி 2 ஹப், தான் செருகியிருக்கும் போர்ட்டின் 500 மில்லி ஆம்பியரைத்தான் பங்கு போட்டுக் கொடுக்கிறது. விதிப்படி அதன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் உறுதி. கீபோர்டுக்கு அது தாராளம். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கோ, தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் 1 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். வோல்டேஜ் சரிகிறது, டிஸ்க் நின்றுவிடுகிறது, மறுபடி சுழல முயல்கிறது. நீங்கள் கேட்கும் டிக் டிக் அதுதான். அந்த நிலையில் விட்டுவைக்காதீர்கள், கோப்புகள் கெட்டுப்போகும்.

ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகினாலும் கவனம் வேண்டும். பை 4-இன் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். தனி அடாப்டருடன் வரும் ஹப் வாங்குங்கள். அந்த அடாப்டரின் மேல் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். 7 போர்ட் இருக்கும், அடாப்டர் 1 ஆம்பியர் என்றிருக்கும். அதை நம்பி டிஸ்க் மாட்டக் கூடாது.

கேள்வி: பை 5-க்கும் இதே கதைதானா?

அடாப்டரைப் பொறுத்தது. 5 ஆம்பியர் தரும் அடாப்டர் என்று போர்டு அறிந்துகொண்டால் யுஎஸ்பி பக்கம் மொத்தம் 1.6 ஆம்பியர் விடும். பழைய 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும்.

கேள்வி: அடாப்டர் உள்ள ஹப்தான் வைத்திருக்கிறேன். பையின் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அதன் சிவப்பு விளக்கு அணைவதில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஹப்பின் 5 வோல்ட், கேபிள் வழியாகப் போர்டுக்குள் பின்பக்கமாக ஏறுகிறது. பல போர்டுகளில் இந்த மின்சாரம், மின் நுழைவாயிலில் உள்ள பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். போர்டு முழுதாக அணையாமல், முழுதாக எழுந்திருக்கவும் முடியாமல் தொங்கும். என் பழைய போர்டு ஒன்று ரீஸ்டார்ட் ஆகாமல் இரண்டு நாள் என்னைச் சுற்ற விட்டதற்கு இதுதான் காரணம். எஸ்டி கார்டை மூன்று முறை புதிதாக எழுதிய பிறகுதான் அந்தச் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது.

சோதிப்பது எளிது. ஹப்பைப் போர்டிலிருந்து கழற்றி, அதன் அடாப்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். போர்டில் செருகும் அந்தப் பிளக்கின் உள்ளே நான்கு தகடுகள் தெரியும். இரு ஓரங்களிலும் உள்ளவை சற்று நீளமானவை. மல்டிமீட்டரின் முனைகளை அவற்றில் வையுங்கள், ஒன்றோடொன்று உரசிவிடாமல். 5 வோல்ட் அளவில் காட்டினால் அந்த ஹப் பின்பக்கம் மின்சாரம் தள்ளுகிறது என்று அர்த்தம். முடிந்தால் வேறு ஹப்புக்கு மாறுங்கள். இல்லையென்றால் 5 வோல்ட் தகட்டின் மேல் மட்டும் மெல்லிய டேப் ஒட்டலாம். ஆனால் போர்டிலிருந்து 5 வோல்ட் வந்தால்தான் விழிக்கும் ஹப்புகளும் உண்டு. அவற்றில் இந்த வழி எடுபடாது.

கேள்வி: பை ஜீரோவில் ஹப் மாட்டினேன், எதுவுமே தெரியவில்லை.

எந்த ஓட்டையில் மாட்டினீர்கள்? இரண்டு மைக்ரோ யுஎஸ்பியில் ஒன்று மின்சாரத்துக்கு மட்டும்தான். சரியான ஓட்டை என்றால் கேபிளைப் பாருங்கள். ஓடிஜி கேபிள்தான் வேண்டும். அதில் அடையாளப் பின் தரையோடு (கிரவுண்ட்) இணைந்திருக்கும். அதை வைத்துத்தான் "நான்தான் தலைமை" என்று போர்டு புரிந்துகொள்கிறது.

கேள்வி: போர்டின் ஓரத்தில் உள்ள ஜிபிஐஓ பின்களில் யுஎஸ்பி சாக்கெட்டைச் சால்டர் செய்யலாமா அண்ணா?

ராஸ்பெர்ரி பையில் முடியாது தம்பி. அந்தப் பின்களுக்குப் பின்னால் யுஎஸ்பி கிடையாது, 5 வோல்ட் மட்டும்தான் கிடைக்கும். ஆரஞ்சு பை ஜீரோவில் நிலைமை வேறு. அதன் 13 பின் வரிசையில் இரண்டு யுஎஸ்பி 2 போர்ட்டுகள் வெளியே வந்திருக்கின்றன. ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் போட்டிருந்தால் அமைப்புகளில் அவற்றை இயக்கிவிட வேண்டும். டேட்டா கம்பிகள் இரண்டையும் முறுக்கி, ஒரே நீளத்தில், குட்டையாக வையுங்கள்.

கேள்வி: ஒரே ஹப்பில் இரண்டு வெப்கேம். இரண்டாவதைத் திறந்தால் "இடம் இல்லை" என்று பிழை வருகிறது. கார்டில் 20 ஜிபி காலியாக இருக்கிறதே?

அது கார்டில் உள்ள இடம் இல்லை, கம்பியில் உள்ள இடம். யுஎஸ்பி 2-இன் பாதை நொடிக்கு 480 மெகாபிட். ஹப் எத்தனை போர்ட் கொடுத்தாலும் பாதை அதே ஒன்றுதான். 640க்கு 480 படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) அனுப்பினால் ஒரு கேமராவுக்கே 147 மெகாபிட் ஆகிறது. பல கேமராக்கள் தேவைக்கு மேலேயே இடம் பிடித்து வைத்துக்கொள்ளும். கேமராவை, படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது சட்ட எண்ணிக்கையைக் குறையுங்கள். எது எந்தப் பாதையில் தொங்குகிறது என்பதை எல்எஸ்யுஎஸ்பி கட்டளை (lsusb -t) மரம் போலக் காட்டும்.

பை 3 வைத்திருப்பவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். நான்கு போர்ட்டும் ஈதர்நெட்டும் சேர்ந்து அந்த ஒரே 480-ஐத்தான் பகிர்கின்றன. பை 3 பி பிளஸில் கிகாபிட் ஈதர்நெட் 300 மெகாபிட் அளவிலேயே நின்றுபோவது இதனால்தான்.

கேள்வி: அப்படியென்றால் பாதையையே கூட்ட வழி இல்லையா?

பை 5-இல் உண்டு. கூடுதல் கார்டு போடுவதற்கான அதன் பிசிஐஇ இணைப்பில் யுஎஸ்பி 3 கன்ட்ரோலர் கார்டு போட்டால் தனிப் பாதை கிடைக்கும். ஆனால் வேகமான சேமிப்புக்கான என்விஎம்இ எஸ்எஸ்டி போடவும் அதே இணைப்புதான் வேண்டும், எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: யுஎஸ்பி 3 டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை படுத்துவிடுகிறது.

யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழுகிறது. வயர்லெஸ் மவுஸ் டாங்கிளும் இதனால் திணறும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டாங்கிளை ஒரு நீட்டிப்புக் கேபிளில் போர்டைவிட்டு விலக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஹப்பில் நான்கு சீரியல் கேபிள்கள். ரீஸ்டார்ட் செய்தால் எண்கள் இடம் மாறிவிடுகின்றன.

0, 1, 2, 3 என்ற எண், கேபிள்கள் கண்டுபிடிக்கப்படும் வரிசையில் வருவது. அதை நம்பி நிரல் எழுதாதீர்கள். கருவியின் சீரியல் எண்ணை வைத்து நிலையான பெயர் கொடுக்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரியான மலிவுக் கேபிள்கள் என்றால் சீரியல் எண்ணே இருக்காது. அப்போது ஹப்பில் எந்த ஓட்டை என்பதை வைத்துப் பெயரிடுங்கள். அப்புறம், ஹப்பின் மேல் ஓட்டைக்கு ஓட்டை ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள். கழற்றித் தூசி தட்டிய பிறகு எது எங்கே இருந்தது என்று நினைவிருக்காது.