அப்பப்பாவின் போக்கர் வில்லைகளுக்கு மீண்டும் நிறம் ஏற்றலாமா?

கேள்வி: என் அப்பப்பா மலாயாப் புகையிரதப் பகுதியில் இலிகிதராகக் கடமையாற்றி, ஓய்வுபெற்றபின் ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்த மரப்பெட்டியில் சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களில் ஏறத்தாழ 200 களிமண் போக்கர் வில்லைகள் (சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைப்பவை) உள்ளன. ஒவ்வொன்றிலும் நங்கூரம் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. நீலம் சாம்பல் பூத்துவிட்டது, வெள்ளை பழுப்பேறிவிட்டது. பாய் இழைக்கும் ஓலையை அவிப்பதுபோலச் சாயத்தில் போட்டு அவித்தெடுக்கலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: தயவுசெய்து அவிக்க வேண்டாம். களிமண் வில்லை என்று பெயர் இருந்தாலும், இவை சட்டி பானைபோலச் சூளையில் சுட்டவை அல்ல. களிமண் தூளையும் நிறப்பொடியையும் அரக்குடன் பிசைந்து, சூடான அச்சில் அழுத்தி எடுப்பதே அக்காலத்து வழக்கம். அரக்கு ஏறத்தாழ 75 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்குவது. ஆகையால் கொதிநீரில் இட்டால் நிறம் ஏறுமுன்னரே வில்லை வளைந்துவிடும். பழைய கிராமபோன் இசைத்தட்டுகளும் அரக்கினால் ஆனவையே. வெயிலில் வைத்த தட்டு நெளிவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். சித்திரை மாதத்தில் ஒரு நாள், கழுவிய சிவப்பு வில்லைகள் ஆறினை நானே விறாந்தைச் சீமெந்துத் திண்ணையில் உலர வைத்தேன். பின்னேரம் பார்க்கையில் ஆறும் நடுவில் குழிந்திருந்தன. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையில் வைத்துப் பாரம் ஏற்றிப் பல நாள் விட்டும் அவை முழுவதும் நிமிரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

உங்களுடையவை அரக்கினால் ஆனவையா என்று அறிய, ஏற்கெனவே உடைந்த வில்லையொன்றின் உடைந்த பக்கத்தில் பஞ்சினால் ஒரு துளி மெதிலேற்றட் ஸ்பிரிற் தொட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் பிசுபிசுத்தால் அரக்குத்தான். அதன்பின் ஸ்பிரிற், தின்னர், நகப்பூச்சு அகற்றி ஆகிய எதனையும் அந்தப் பெட்டிக்கு அருகில் கொண்டு செல்லாதீர்கள்.

உங்கள் கேள்வியில் 'நிறம் போய்விட்டது' என்ற எண்ணம் இருக்கிறது. பெரும்பாலும் அது போயிருக்காது. இவ்வில்லைகளின் நிறம் மேற்பூச்சாக இராமல் உடல் முழுவதும் கலந்திருப்பது. உடைந்த பக்கத்தைப் பார்த்தாலே உண்மையான நீலம் தெரியும். மேலே தெரிவது பல்லாண்டுக் கைவியர்வையும் தூசியும் சுருட்டுப் புகையும் உலர்ந்து வெளிறிய மேற்பரப்பும்தான். ஆகவே முதலில் துப்புரவு, கடைசியில் எண்ணெய். வர்ணம் வேண்டுமா என்பதைத் துப்புரவின் பின்னரே யோசிக்க வேண்டும்.

நம் கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவதால், காய்ந்ததும் வெண்படலம் விடும். மழைநீரையோ போத்தல் நீரையோ பயன்படுத்துங்கள். கைபொறுக்கும் சூட்டைவிடக் குறைந்த வெதுவெதுப்பில், குழந்தைகளுக்கான திரவச் சவர்க்காரம் இரண்டு துளி போதும். சில சிவப்பு வில்லைகள் நீரில் நிறம் கசிய விடும் என்பதால் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை முதலில் சோதியுங்கள். ஊற வைக்காமல், ஒவ்வொன்றாக நனைத்து, மென்மையான பற்தூரிகையால் விளிம்பையும் நங்கூரக் கோடுகளையும் அரை நிமிடம் தேய்த்து, உடனே ஒற்றியெடுத்து, நிழலில் பருத்தித்துணியின்மேல் தட்டையாகப் பரப்புங்கள். துணியில் தேநீர்க் கறைபோல ஒரு பழுப்பு இறங்குவதையும், ஈரத்தோடு பழைய புகையிலை மணம் எழுவதையும் நீங்கள் காணலாம். வெள்ளை வில்லைகளில் இதற்குப் பின்னும் எஞ்சும் பழுப்பு அரக்கின் சொந்த நிறமாகவே இருக்கக்கூடும். வெளிற்றும் திரவம் இடாதீர்கள். சில பழைய வில்லைகளில் எடைக்காக ஈயமும் சேர்க்கப்பட்டதுண்டு. எனவே அரத்தாளால் உரசித் தூசி எழுப்புவதும் கூடாது.

இரண்டு நாள் உலர்ந்தபின் மருந்தகத்தில் கிடைக்கும் திரவ பரபினில் ஒரு துளியை விரல்நுனிகளில் எடுத்து இரு பக்கமும் விளிம்பும் தடவி, ஓரிரவு விட்டு, உலர்துணியால் துடையுங்கள். சாம்பல் பூத்த நீலம், மழையில் நனைந்த கருங்கல்லைப்போல ஆழமாகத் திரும்பி வரும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் சிக்கடித்துத் தூசியைப் பிடிக்கும். நடுவில் கடதாசிப் படம் பதித்த வில்லைகளாயின் கடதாசியில் எண்ணெய் ஊறிக் கறை விழும். உங்களுடையவை செதுக்கியவை என்பதால் அந்த அச்சம் இல்லை.

வர்ணம் இடத்தக்க ஒரே இடம் நங்கூரத்தின் பள்ளம்தான். பழைய வர்ணத் துணுக்கு அதில் எஞ்சியிருந்தால், எண்ணெய் இடுமுன்னரே, அதே நிறத்தில் நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணத்தை நுண்தூரிகையால் நிரப்பி, சற்று இறுகியதும், தட்டையான அட்டையில் சுற்றிய ஈரத்துணியால் மேற்பரப்பை மட்டும் வழித்துவிடுங்கள். துணுக்கே இல்லையென்றால், என் விருப்பம், வெறுமையாக விடுவதே.

பெட்டியைத் தகரக்கூரையின் கீழோ அலுமாரியின் உச்சியிலோ வைக்காமல் கீழ்த்தட்டில் வையுங்கள்.

கேள்வி: அண்மையில் வாங்கிய 'களிமண்' வில்லைகளுக்குச் சாயம் இடலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஒன்றை நிறுத்துப் பாருங்கள். பழைய அழுத்த வில்லைகள் பெரும்பாலும் 8 முதல் 10 கிராம் வரை இருக்கும். 11.5 கிராமோ அதற்கு மேலோ இருந்து, காந்தமும் ஒட்டுமாயின், அது உள்ளே உலோகத் தகடு வைத்த பிளாஸ்ரிக். செயற்கை இழைத்துணிக்கான சாயத்தைக் கொதிக்காத வெந்நீரில் கலந்து ஒன்றில் மட்டும் முயன்று பார்க்கலாம். வெளிர்நிறத்தைக் கடும்நிறமாக்க முடியும், கடும்நிறத்தை வெளிர்நிறமாக்க முடியாது. விளிம்புப் பொட்டுகளும் சேர்ந்தே நிறம் மாறும். ஒட்டுப்படம் இருந்தால் முன்னரே உரித்துவிடுங்கள்.