ஒரு கேள்விகூடக் கேட்காத மாப்பிள்ளை

அன்புள்ள ஐயா,

எனக்குத் தேவகோட்டை. மகளுக்கு 27 வயது, பெங்களூரில் வேலை. போன மாதம் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. எங்கள் நகரத்தார் முறைப்படி குலக்கோயில் வேறு, பொருத்தம் சரி, சொந்தத் தொழில், கெட்ட பழக்கம் கிடையாது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் காபிக் கடையில் பேசினார்கள். திரும்பி வந்து "வேண்டாம்" என்கிறாள். கேட்டால், "அவர் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கலை" என்கிறாள். இதெல்லாம் ஒரு காரணமா? எங்கள் காலத்தில் பேங்க் வேலை, குடிக்க மாட்டான் என்றாலே முகம் தானாக லட்சணமாகத் தெரியும். இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஆண்களிடம் என்னதான் பிடிக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

"முகம் தானாக லட்சணமாகத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

என் அப்பத்தாவுக்கு 1936இல் கல்யாணம். அன்றைக்கு மாப்பிள்ளைக்கு லட்சணம் பர்மாக் கடைதான், அதாவது அங்கே நம்மவர்கள் நடத்திய வட்டிக்கடை. கீழ்ப்படியில் பெட்டியடிப் பையனாகப் போய், படிப்படியாக அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கை, அதாவது வேலைத் தவணையை, முடித்துக்கொண்டு கப்பலில் வந்து இறங்குகிறவன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், பெண்கள் கூடினால் நிறம், உயரம் பற்றியும் பேச்சு ஓடியிருக்கும். ஆனால் முடிவு செய்த இடத்தில் அவர்கள் யாரும் இல்லை.

கல்யாணமானதும் வேறு வைத்துவிட்டார்கள். ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனி வரவு செலவு. புருஷன் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம். அந்தப் புருஷன்தான் என் ஐயா, அப்பாவைப் பெற்றவர். ஐயாவின் கடிதம் அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பேருக்குத்தான் வரும். முகப்பில் வைத்துச் சத்தமாகப் படிப்பார்கள்: நெல் விலை, வட்டி, யாருக்கு எவ்வளவு பாக்கி. கடைசியில் ஒரே ஒரு வரி, "வீட்டில் அனைவரும் சுகம் என்று நம்புகிறேன்." நிலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, அந்த 'அனைவரும்' என்பதிலிருந்து தன் பங்கைப் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். ஐயா வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். 1948இல் அங்கே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்ததும் மிச்சமிருந்த ஆசையும் போயிற்று. அதற்கு முந்தின வருஷம்தான் காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி தொடங்கியது. கடை இருந்த இடத்தில் டிகிரி வந்து உட்கார்ந்தது. அப்புறம் உங்கள் முறை வந்தபோது பேங்க் வேலை. நொடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு ஒண்ணாம் தேதிச் சம்பளம் அழகாகத் தெரிந்ததில் அதிசயம் இல்லை. உங்கள் மகளை அது மயக்காது. சம்பளம் அவள் கணக்கிலேயே விழுகிறது.

அதற்காக இப்போது எல்லாப் பெண்களும் மனசை மட்டுமே பார்க்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். என் அண்ணன் மகள் ஒரு பையனை அவன் போட்டுவந்த செருப்புக்காக வேண்டாம் என்றாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் மகள் சொன்னது அந்த வகை இல்லை. எதிரில் இருப்பவளைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவுமே தோன்றாமல் இருக்க, ஒரு மணி நேரம் ரொம்ப நீளம்.

அப்பத்தாவுக்கு எண்பது தாண்டியபோது விளையாட்டாகக் கேட்டேன், "ஐயாவை எப்ப அப்பத்தா பிடிச்சுச்சு?" யோசிக்கவே இல்லை.

"பர்மா போச்சுல்ல, அந்த வருசம்."

தொழில் இல்லாமல் வீட்டிலிருந்த ஐயா, மத்தியானம் வளவில் உட்கார்ந்து அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடுவாராம். ஆம்பளை ஆடுற ஆட்டமா இது என்று வீடே சிரித்ததாம்.

"ஒருநா சோழியை அள்ளிக்கிட்டே, 'நான் இல்லாதப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே'ன்னு கேட்டாக. கட்டிக்கிட்டு ஆறு வருசத்துல அன்னைக்குத்தான் கேட்டாக."

கோயமுத்தூருக்கு மரியாதையாகத் தகவல் சொல்லிவிடுங்கள் ஆச்சி. இழுத்தடிக்க வேண்டாம்.