லெகோ கட்டையின் பிடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாஸ்டிக் வார்ப்பு பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் வீட்டில் லெகோ கட்டைகளும், அவற்றோடு பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் மலிவான கட்டைகளும் கலந்து கிடக்கின்றன. வெர்னியர் வைத்து அளந்தால் எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் லெகோ நன்றாகப் பிடிக்கிறது, கழற்றினால் கழன்றும் வருகிறது. மற்றவற்றில் ஒரு பாக்கெட் இறுகிப்போய் பல்லால் கடித்து எடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பாக்கெட் கையில் தூக்கினாலே உதிர்கிறது. அளவு ஒன்றாக இருக்கும்போது பிடி மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

தொலைந்துபோன கட்டைகளுக்குப் பதிலாக த்ரீடி பிரிண்டரில் பி.எல்.ஏ. இழை கொண்டு செய்துபார்த்தேன். ஏறவே இல்லை. 101 சதவீதமாகப் பெரிதாக்கியபோது சின்னக் கட்டை ஏறியது, நீளக் கட்டை ஏறவில்லை. எங்கே தவறு?

கடைசியாக, பழைய வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் வெர்னியரில் குறை இல்லை. நீங்கள் அளந்தது வெளிப்புறத்தை. பிடி இருப்பது உட்புறத்தில். அதுவும் சாதாரண வெர்னியர் காட்டக்கூடிய மிகச்சிறிய வித்தியாசமான 0.02 மி.மீ. அளவிலேயே அது கூடிக் குறைந்துவிடும்.

2×4 கட்டை (இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் உள்ளது) ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். குமிழ்களுக்கு இடையே மையத்துக்கு மையம் 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8. இரண்டு வரிசைக் குமிழ்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு எவ்வளவு? 8 + 4.8 = 12.8. கட்டையின் வெளி அகலம் 15.8, சுவர் 1.5 வீதம் இரு பக்கமும் கழித்தால் உள் அகலமும் அதே 12.8. அடுத்து நடுவில் இருக்கும் குழாய். அது நான்கு குமிழ்களுக்கு நடுவே வந்து உட்காருகிறது. 8 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 11.31. அதில் ஒரு குமிழின் விட்டத்தைக் கழித்தால் 6.51. குழாயின் வெளி விட்டம் அதுவேதான். ஒற்றை வரிசைக் கட்டைகளில் குழாய்க்கு இடமில்லை. அங்கே இரு குமிழ்களுக்கு நடுவே மிஞ்சும் 3.2 மி.மீ. இடைவெளியில் அதே பருமனுள்ள ஒரு தண்டு நிற்கிறது.

ஆக, காகிதத்தில் எங்குமே இடைவெளி இல்லை. எல்லாம் தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் அழுத்தாது. தொட்டால் மட்டும் பிடி வராது, சுவர் கொஞ்சம் வெளியே வளைய வேண்டும். அதனால் நிஜத்தில் நூறில் சில பங்கு மி.மீ. அதிகப்படியாக வைக்கிறார்கள். சுவர் வளைந்து திரும்பி அழுத்தும் அந்த அழுத்தம்தான் பிடி. அதிகப்படி 0.03 கூடினால் பல்லால் கடிக்க வேண்டிவரும், 0.03 குறைந்தால் உதிரும். உங்கள் இரண்டு பாக்கெட்டுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

புதிய லெகோ 2×4 இருந்தால் உட்சுவரைப் பாருங்கள். சுவர் 1.2 மி.மீ.யாக மெலிந்து, குமிழ் தொடும் இடங்களில் மட்டும் 0.3 மி.மீ. துருத்தி நிற்கும் சிறு செங்குத்து வரிகள் தெரியும். பிளாஸ்டிக் மிச்சம், சீக்கிரம் ஆறும், பிடியும் வரிகளின் துருத்தலை மட்டும் நம்பியிருக்கும். மலிவுக் கட்டைகளில் சுவரை மெலித்துவிட்டு வரியை விட்டுவிடுவதுண்டு. அந்தக் கட்டைகளுக்குப் பிடி குழாயிடம் மட்டும்தான்.

இந்தக் குழாய் முதலிலிருந்தே இருந்ததில்லை. பிரிட்டனில் ஹிலரி பேஜ் 1947-ல் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் விற்ற கட்டைகளும், அவற்றைப் பார்த்து டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் லெகோ 1949-ல் செய்த கட்டைகளும் உள்ளே வெற்றாக இருந்தன. சுவர் மட்டும் குமிழைப் பிடிக்கும். கட்டையைத் தள்ளிவைத்து அடுக்கினால் பிடி தளரும். குழாய் வைத்த வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை விண்ணப்பம் போட்டார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு குமிழும் சுவரிலும் குழாயிலுமாகப் பிடிபட்டது. காப்புரிமைக் காலம் முடிந்து வெகுநாளாகிறது. அந்த வடிவத்தை வணிக முத்திரையாகக் காப்பாற்றும் முயற்சியும் 2005-ல் கனடா உச்ச நீதிமன்றத்திலும் 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றத்திலும் தோற்றது. நீங்கள் வாங்கும் பொருத்தக் கட்டைகள் சட்டப்படி சந்தைக்கு வருவது இதனால்தான். குமிழ்த் தலையில் 'லெகோ' என்று எழுதத்தான் கூடாது.

வடிவம் எல்லோருக்கும் இலவசம், அளவும் இணையத்தில் கிடைக்கிறது. அப்படியிருந்தும் பிடி மாறுவது, அந்த அளவைக் கோடிக்கணக்கான முறை திரும்ப எடுப்பதில்தான் செலவெல்லாம் இருக்கிறது என்பதால்.

லெகோ தன் மோல்டுகளின் (வார்ப்பு அச்சுகளின்) துல்லியம் 0.004 – 0.005 மி.மீ.க்குள் என்று சொல்லிவந்திருக்கிறது. மோல்டு மட்டும் போதாது. கட்டை வார்க்கும் பிளாஸ்டிக்கான ஏபிஎஸ் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். மோல்டை அந்த அளவு பெரிதாக வெட்டிவிடலாம், அது கணக்கு. சிக்கல், சுருக்கம் ஒரே எண்ணில் நிற்காது என்பது. அது 0.5-லிருந்து 0.6 ஆனால் 2×4 கட்டையின் 31.8 மி.மீ. நீளத்தில் 0.03 மாறும், உள் அகலத்தில் 0.013. மேலே சொன்ன அதிகப்படியில் இது பெரிய பங்கு. சுருக்கத்தை மாற்றுவது என்னென்ன? மோல்டின் சூடு, உருகிய பிளாஸ்டிக்கின் சூடு (லெகோ சொல்வது 230 – 310 டிகிரி), உள்ளே தள்ளிய பிறகு அழுத்திப் பிடித்திருக்கும் நேரம், ஆறவிடும் நொடிகள். ஒரு ஷாட்டுக்கு (ஒரு தடவை வார்ப்புக்கு) இரண்டு நொடி குறைத்தால் ஒரு நாளில் கிடைக்கும் கட்டைகளின் எண்ணிக்கை கூடும். சூட்டோடு வெளியே வந்த கட்டை தொட்டியில் கிடந்து தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். மலிவுக் கட்டையின் கதை பெரும்பாலும் இந்த இரண்டு நொடிதான்.

மற்றவையும் உண்டு. ஏபிஎஸ் குருணையை 80 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தாமல் போட்டால் மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் ஓடும். ரன்னர் கழிவை (மோல்டுக்குப் பிளாஸ்டிக் போகும் வழியில் உறைந்து மிஞ்சுவதை) அரைத்து மீண்டும் மீண்டும் கலந்தால் உள்ளிருக்கும் ரப்பர் கெட்டு, சுவர் வளைவதற்குப் பதில் வெடிக்கும். சிலர் பாலிஸ்டைரீனையே ஊற்றிவிடுகிறார்கள். கீழே போட்டால் கண்ணாடிபோல 'கிளிங்' என்று ஒலிப்பது அதுதான். முதல் நாள் நன்றாகத்தான் பிடிக்கும்.

மோல்டுக்குள் கட்டை சுருங்கி உள்பக்க வடிவத்தைத் தரும் ‘கோர்’ என்ற அச்சுப் பகுதியை இறுகக் கவ்வும். குழாய்க்குள் நிற்கும் 4.8 மி.மீ. ஊசிக்குள் தண்ணீர் ஓட்ட இடம் குறைவு, ஆகவே கட்டையில் கடைசியாக ஆறுவது குழாய். ஆறாத குழாயை அவசரமாகத் தள்ளினால் நுனி விரியும். இறுகிய பாக்கெட்டில் ஒன்றைக் கவிழ்த்துக் குழாயின் வாயைப் பாருங்கள், வட்டம் முட்டை வடிவமாயிருந்தால் இதுதான் காரணம். அப்படியே ஒவ்வொரு குமிழுக்கும் அடியில் சிறு குழி இருக்கிறதா என்றும் பாருங்கள். குழி இல்லாவிட்டால் குமிழ் கெட்டியாகி, ஆறும்போது தலை உள்வாங்கும்.

பிளாஸ்டிக் நுழைந்த கேட் தழும்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். லெகோவில் அது குமிழ் ஒன்றின் தலையில் புள்ளியாக ஒளிந்திருக்கும். மலிவுக் கட்டையில் பக்கச் சுவரில் 0.1 மி.மீ. துருத்திக்கொண்டிருக்கும். கட்டையை 16-க்குப் பதில் 15.8 ஆக வைத்ததே பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க. தழும்பு அந்த 0.2-ல் பாதியைத் தின்றுவிடும், நீளச் சுவர் கட்டினால் வில்லாக வளையும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 20 கட்டை உயரத்தில் லெகோவில் ஒரு தூண், மற்றதில் ஒரு தூண் எழுப்பி, மேலே நீளப் பிளேட்டால் (மெல்லிய தட்டைக் கட்டையால்) இணையுங்கள். ஒரு கட்டையின் உயரம் 9.6. அதில் 0.02 பிசகினாலும் 20-வது கட்டையில் 0.4 ஆகி பிளேட் சாய்வது கண்ணுக்கே தெரியும். பிறகு உதிரும் கட்டைகளை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கேவிட்டி எண், அதாவது மோல்டின் எந்தக் குழியில் வார்த்தது என்ற எண், சின்னதாகப் பொறித்திருக்கும். உதிர்வதெல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் அந்த ஒரு கேவிட்டி தேய்ந்துவிட்டது, அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை நம்பி வைத்துக்கொள்ளலாம். எண் கலந்திருந்தால் பிசகு மெஷின் ஓட்டியதில், பாக்கெட்டையே ஒதுக்குங்கள்.

பொருளை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு லெகோவே சாட்சி. 1963-ல் செல்லுலோஸ் அசிடேட்டிலிருந்து ஏபிஎஸ்ஸுக்கு மாறினார்கள், பழையது நாளாக ஆகக் கோணும். 2021-ல் பழைய பெட் பாட்டிலில் செய்த மாதிரிக் கட்டையைக் காட்டினார்கள். 2023-ல் கைவிட்டார்கள். அதற்காக எந்திரங்களை மாற்றி, மேற்கொண்டு சேர்மானம் சேர்த்துச் செய்தால் கார்பன் வெளியீடு கூடத்தான் செய்யும் என்று கணக்கு வந்ததாம். ஒளி ஊடுருவும் கட்டைகள் வெகுகாலம் பாலிகார்பனேட்டில் வந்தன. அது வளைய மறுக்கும். அப்படிப்பட்ட இரண்டு சின்னப் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாதீர்கள், பிரிப்பதற்குள் விரல் நகம் போய்விடும். பல்லை எதற்கும் பயன்படுத்த வேண்டாம். ஆரஞ்சு நிறப் பிரிப்பான் இரண்டை மேலும் கீழுமாக மாட்டி எதிரெதிரே நெம்பினால் போதும்.

இனி பிரிண்டர். 101 சதவீதம் என்பதே தவறு. பெரிதாக்கும்போது குமிழ்களுக்கு இடையே உள்ள 8 மி.மீ.யும் 8.08 ஆகிவிடுகிறது. இரண்டு குமிழில் அது தெரியாது, எட்டாவது குமிழில் அரை மி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். ஸ்கேலை 100-லேயே விடுங்கள். மாற்ற வேண்டியவை இரண்டே: குமிழ் விட்டம், குழாய் விட்டம்.

லேயர் (ஒவ்வொரு அடுக்கின் உயரம்) 0.2 வையுங்கள். கட்டையின் 9.6, பிளேட்டின் 3.2, அப்புறம் 1.8 மூன்றுமே அதில் மீதியில்லாமல் வகுபடும், 1.8 என்பது குமிழின் உயரம். 0.4 நாஸிலில் (இழை உருகி வரும் முனையில்) லைன் அகலத்தை 0.5 ஆக்கினால் 1.5 மி.மீ. சுவர் சரியாக மூன்று சுற்றில் முடியும். 0.4-ஆகவே விட்டால் மூன்று சுற்றுக்கும் நான்குக்கும் நடுவே மாட்டி, சுவருக்குள் வெற்றிடமோ பிதுக்கமோ வரும். குழாய்ச் சுவர் 0.85தான், அதற்கு ஸ்லைசரில் (மாடலை அடுக்குகளாக வெட்டித்தரும் மென்பொருளில்) கோட்டின் அகலத்தை இடத்துக்கேற்ப மாற்றும் ஆராக்னே முறை நல்லது. குமிழ் மேலே பார்க்க, சப்போர்ட் (தற்காலிகத் தாங்கல்) இல்லாமல் அடியுங்கள். உள்கூரை சுவருக்கும் குழாய்க்கும் நடுவே தானாகப் பாலம் போட்டுக்கொள்ளும்.

உங்களுடையது முதலில் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம் முதல் லேயர். தட்டில் அழுந்தி அது 0.1 – 0.2 மி.மீ. அகலும், அதுவும் குமிழ் நுழைய வேண்டிய வாயிலேயே. இந்த அகலலைச் சரிக்கட்டும் ஸ்லைசர் அமைப்பான எலிஃபன்ட் ஃபுட் ஈடுசெய்தலை 0.15 வைத்து, வாய் விளிம்பை 0.3 மி.மீ. சாய்த்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு 2×2 அடித்து இரண்டு சோதனை தனித்தனியே செய்யுங்கள்: அதன் மேல் நல்ல கட்டையை ஏற்றுவது, அதை நல்ல கட்டையின் மேல் ஏற்றுவது. முதலாவது இறுகினால் குமிழைக் குறையுங்கள், இரண்டாவது இறுகினால் குழாயை. ஒரு தடவைக்கு 0.05-க்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் தொடங்கி முடியும் இடத்தில் வரும் ஸீம் முடிச்சு குமிழில் விழுந்தால் எல்லாம் ஒரே பக்கம் வரும்படி வைத்துக்கொண்டு பிளேடால் சுரண்டிவிடுங்கள். இறுகியதை வலுக்கட்டாயமாக ஏற்றினால் விரிவது உங்கள் லெகோவின் சுவர்.

இவ்வளவு செய்தாலும் பி.எல்.ஏ. நிலைக்காது. அழுத்தத்திலேயே இருந்தால் சில வாரங்களில் தளர்ந்துகொடுக்கும், 60 டிகிரியில் இளகும், குமிழும் கழுத்தோடு லேயர் பிரிந்து முறியும். அலமாரியில் நிற்கும் மாடலுக்குச் சரி. சின்னக் குழந்தை விளையாடும் பெட்டியில் அதைக் கலக்காதீர்கள், முறிந்த குமிழ் வாயில் போகும் அளவுதான். பெட்ஜி என்ற இழை அவ்வளவு எளிதில் முறியாது.

மஞ்சள் விஷயம். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பரைக் கெடுப்பதால் வரும் நிறம் அது. பெராக்சைடு நிறத்தை வெளுக்கும், கெட்ட ரப்பரைத் திருப்பித் தராது. நாளடைவில் மஞ்சளும் திரும்பும். காட்சிக்கு வைப்பதற்கென்றால் செய்யலாம். முதலில் 40 டிகிரிக்கு மேல் போகாத சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி வெயிலில் வையுங்கள், மூடியை இறுக்காதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குமிழி ஒட்டிக் கட்டை மிதக்கும். மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஒரு கட்டையில் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். அச்சிட்ட முகமோ ஸ்டிக்கரோ உள்ளவற்றை அதில் போடவே வேண்டாம்.