நினைவுப் புட்டி – கடிதம்

அன்புள்ள ஐயா,

1981-இல் சார்ல்ஸ்–டயானா திருமண நினைவாக விற்ற போர்ட் ஒயின் ஒன்றை என் மாமனார் லண்டன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார். அவருடைய எண்பதாவது பிறந்தநாளில் திறந்தோம். வெளிறிய தேநீரின் நிறம், வெறும் தித்திப்பு. மாமனார் மட்டும் இரண்டு கோப்பை குடித்தார். நாள்பட்ட ஒயின் நன்றாக இருக்கும் என்பது பொய்தானா?

ஆர்., லண்டன்

அன்புள்ள ஆர்.,

நானும் ஏமாந்தவன்தான். நண்பர் வீட்டில் ஒரு புட்டி. முகப்பில் கிரீடம், கீழே 1977. போர்ட் பிறக்கும் போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் 1977 பேர்பெற்ற விளைச்சல் ஆண்டு என்று நான் ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். தக்கை பாதியில் முறிந்து உள்ளே விழுந்தது. காபி வடிகட்டும் துணியில் வடித்தோம். துணியில் தக்கைத் தூள் மட்டும்தான். வண்டல் ஒரு சிட்டிகைகூட இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உலர்திராட்சை ஊறிய தண்ணீர் போலிருந்தது. பிறகுதான் முகப்பை ஒழுங்காகப் படித்தோம். அது எலிசபெத் அரசி அரியணை ஏறியதன் வெள்ளிவிழா ஆண்டாம், அறுவடை ஆண்டே அல்ல!

போர்ட் எதுவானாலும் தொடக்கம் ஒன்றுதான். சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மீந்த சர்க்கரை அப்படியே நிற்கும். பிறகுதான் வழி பிரிகிறது. ‘விண்டேஜ்’ ஒரே ஆண்டின் தேர்ந்த அறுவடை. இரண்டு மூன்று ஆண்டுகளில் வடிகட்டாமல் புட்டிக்குப் போய், வண்டலோடு பல பத்தாண்டுகள் அங்கேயே முதிரும். ‘டானி’ பீப்பாயில் முதிர்வது. புட்டியில் அடைத்தபின் அதற்கு வளர்ச்சி இல்லை. ‘ரூபி’ என்னும் சாதாரண வகையை வாங்கியதும் குடித்துவிட வேண்டும். அரச விழாவை நினைத்து அலமாரியில் வைத்தால் ரூபி விண்டேஜ் ஆகிவிடாது.

உங்கள் புட்டியின் முகப்பில் ‘விண்டேஜ்’ என்ற சொல்லும் அறுவடை ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தக்கையின் தலையில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அது நெடுநாள் வைப்பதற்கல்ல. ஒருவேளை உண்மையான விண்டேஜாகவே இருந்தாலும் படுக்க வைத்திருக்க வேண்டும்; நின்றால் தக்கை காய்ந்து காற்று புகும்.

மிச்சம் இருந்தால் கேக்குக்கான திராட்சையை அதில் ஊறப்போடுங்கள். மாமனாரிடம் இந்தப் பதிலைக் காட்ட வேண்டாம்.